பளபளப்பு தஹாரத் ஆகாது

ரமழான் பிறக்க ஒரு வாரம் இருக்கையில், நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஒளூச் செய்யும் இடத்திலிருந்து வெண்புகை எழுகிறது. மோதினார் வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, தோள் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலில் வாங்கி வந்த ஆசிடைத் தரையில் ஊற்றித் தேய்க்கிறார். நெடி தாங்காமல் நிர்வாகிகள் வெளித்திண்ணையில் நிற்கின்றனர். தரை வெளுத்ததும் "மாஷா அல்லாஹ், பளிங்கு போல் இருக்கிறது" என்கின்றனர். இந்தப் பாராட்டைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

தூய்மையின் பெயரால் இதை நியாயப்படுத்துவோர் ஃபிக்ஹின் முதல் பாடத்தை மறந்துவிட்டனர். நஜீஸ் வேறு, கறை வேறு. நாட்டுப்புற அரபி ஒருவர் பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்தபோது, அவரைத் தடுக்க எழுந்த தோழர்களை அமர்த்திய நபி (ஸல்) அவர்கள், அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். அவ்வளவுதான். கழுவிய பின்னும் நீக்கக் கடினமான நிறம் எஞ்சினால் அது மன்னிக்கப்பட்டது என்றே நம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஒளூத் தரையில் படியும் வெள்ளைப் பூச்சோ நஜீஸே அன்று. உப்பு நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு.

ஆசிட் என்று கடையில் கிடைப்பது மியூரியாட்டிக் அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பழைய வணிகப் பெயர் அது. நம் இரைப்பையிலும் நீர்த்த நிலையில் இதுவே சுரக்கிறது. இரும்பின் துருவை நீக்கவும், ஹலாலா ஹராமா என்று நாம் ஓயாது விவாதிக்கும் ஜெலட்டினை எலும்பிலிருந்து எடுக்கவும் ஆலைகளில் பயன்படுகிறது. (இதைக் கண்டறிந்தவர் ஜாபிர் இப்னு ஹய்யான் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு, வரலாற்றாசிரியர் பலர் அதை ஏற்பதில்லை. அது கிடக்கட்டும்.) ஆலையில் கையுறை, கண்ணாடி, காற்றுப்போக்கி எல்லாம் உண்டு. நம் மோதினாருக்கு இருப்பதோ ஒரு துண்டு.

"எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஆசிட் இல்லாமல் முடியாது" என்பர். சுண்ணாம்பை ஆசிட் நுரைத்துக் கரைக்கும் என்பது உண்மையே. ஆனால் ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமென்டையும், மொசைக்கில் பதித்த சலவைக்கல் துண்டுகளையும் அது அவ்வாறே தின்கிறது. தரை சொரசொரத்துப் போகிறது, அடுத்த கறை முன்னிலும் விரைவாகப் பிடிக்கிறது, மீண்டும் ஆசிட். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலான படிவு இளகிவிடும். நேரமும் கைவலியும் கூடும் என்பது மட்டுமே வேறுபாடு.

ஆசிடின் ஆவி மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். மிகுதியாகச் சுவாசித்தால் நுரையீரலில் நீர் கோக்கும். கண்ணில் தெறித்தால் பார்வை பறிபோகலாம். அப்போது வேறெதையும் தேடாமல் ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, பின் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இவற்றினும் கொடியது, ஆசிட் ஊற்றிய இடத்திலேயே ப்ளீச்சிங் பவுடரையும் தூவும் வழக்கம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு பிறக்கும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் மனிதரைக் கொல்ல ஏவப்பட்டது இதே வாயுதான். அதை அல்லாஹ்வின் இல்லத்தில், சாளரமற்ற கழிப்பறைக்குள், ஓர் ஏழையைக் கொண்டே உண்டாக்குகிறோம். எலுமிச்சை உப்போடும் ப்ளீச்சிங் பவுடரைச் சேர்க்கலாகாது.

சட்டமும் உறங்கவில்லை. ஆசிட் வீச்சு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2013-இல் பிறப்பித்த ஆணைப்படி, வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதாமலும், அடையாள அட்டையைப் பார்க்காமலும் ஆசிட் விற்கலாகாது. 18 வயது நிரம்பாதவருக்கு அறவே விற்கலாகாது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆசிட் வைத்திருக்கும் கல்வி நிலையங்களும் பதிவேடு பேணி, பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். மத்ரஸா கல்வி நிலையமன்றோ? பிறகு ஏன் ஓதவரும் சிறுவனின் கையில் நூறு ரூபாயைக் கொடுத்து ஆசிட் வாங்கிவர அனுப்புகிறீர்கள்? தண்ணீரென்று எண்ணித் தாகத்தில் ஒரு பிள்ளை அந்த பாட்டிலை வாயில் கவிழ்த்தால், முத்தவல்லி என்ன பதில் சொல்வார்?

தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அவ்விதி மோதினாரின் நுரையீரலுக்கும் பொருந்தும். குத்பாவில் தொழிலாளியின் உரிமையைப் பேசிவிட்டு, அஸருக்குப் பின் அவரை ஆசிடோடு அனுப்புவது நமக்கு அழகல்ல.

ஆகவே, நம் மத்ரஸா மாணவர் எவரையும் இந்த ரமழானுக்கு முன் ஆசிட் கழுவும் வேலைக்கு அனுப்பப் போவதில்லை. வாங்கிவரவும் அனுப்பப் போவதில்லை. ஆள் போதவில்லை என்று நிர்வாகிகள் கருதினால் சொல்லி அனுப்பட்டும். எலுமிச்சை உப்போடும் நார்த் தூரிகையோடும் உஸ்தாதுமார்களாகிய நாமே வருகிறோம். திண்ணையில் நிற்பவர்களும் வரலாம்.