நேற்று வந்திருக்கிறார்

இப்பல்கலைக்கழகத்திற்கு வந்த முதல் மாதத்தில் ஒரு நாள் வகுப்பில் எழுந்து, "ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் இரண்டு திங்கள் நான் வாய் திறக்கவில்லை. புதிதாக வரும் நம் தம்பி தங்கையர் சிலர் இன்றும் அவ்வாறே ஊமையாய் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

நான் சொன்னது பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் அது அறியாமையா? "அவர் நேற்று வந்திருக்கிறார்" என்பது நல்ல தமிழ். வந்தவரைக் காணாமல், அவர் மேசைமேல் வைத்துச் சென்ற சீட்டைக் கண்டு சொல்லும்போது நாம் அப்படித்தான் சொல்வோம். ஆங்கிலத்திலோ அவ்வடிவம் 'நேற்று' என்னும் சொல்லோடு ஒட்டாது. முடிந்த செயலை இன்றோடு இணைப்பதே அதன் வேலை. இந்த ஒரு வேறுபாட்டை யாரேனும் எனக்குச் சொல்லியிருக்கலாம். பள்ளியில் கிடைத்ததோ 12 கட்டங்கள் கொண்ட அட்டவணை. நெட்டுருச் செய்தேன், பயன் இல்லை.

அந்த 12 காலங்களும் ஒருவகையில் மயக்கமே. ஆங்கில வினை தன் உருவிலேயே காட்டும் காலம் நிகழ்வும் இறப்புமாகிய இரண்டுதான். எதிர்காலத்திற்கு 'வில்' போன்ற துணை வேண்டும். நமக்கு 'வருவான்' என்ற ஒரு சொல் போதும். சொல்வகையும் அப்படியே. கிரேக்கர் 8 வகை கண்டனர். இலத்தீனில் 'தி' போன்ற சொல் இல்லை. அங்குள்ளோர் அவ்வகையை விட்டு, வியப்புச் சொல்லைச் சேர்த்து, எட்டை எட்டாகவே காத்துக்கொண்டனர்! அவ்வழி வந்ததே ஆங்கிலப் பாடநூல்களின் எட்டு. தொல்காப்பியரோ பெயர், வினை, இடை, உரி என 4 கண்டார்.

உணவு மணி அடித்ததும் அறைக்குள்ளிருந்தே "இதோ வந்துவிட்டேன்" என்று கூவுகிறோமே, விரைவு தோன்ற வாராததையும் வந்ததாகச் சொல்லலாம் என்று அதற்கும் அவர் விதி வகுத்திருக்கிறார். ஆங்கிலேயர் அவ்விடத்தில் "ஐ ஆம் கமிங்" என்பர். இப்படி நம் இலக்கணத்தை அருகில் வைத்துக் கற்பித்தால் ஆங்கிலம் ஏன் அச்சுறுத்தப் போகிறது?

அன்று சிரித்தவர்களுள் இந்தி பேசுவோரும் இருந்தனர். இந்தியில் 'கல்' என்பது நேற்றும் ஆகும், நாளையும் ஆகும்; வினையைக் கொண்டே எது என்று அறிவர். நாம் சிரித்தோமா?

ஞாயிறு மாலைதோறும் ஒரு மணி நேரம், புதியவர்களுக்குத் தமிழ் வழியே ஆங்கில இலக்கணம் சொல்லித்தரச் சங்கம் முன்வர வேண்டும். இடம் இல்லை என்பார் செயலாளர். விடுதி மாடித் தாழ்வாரம் போதும். கரும்பலகையை நானே சுமந்து வருகிறேன்.