அங்கன்வாடிப் பணியாளர்களின் சுமையைக் குறையுங்கள்



கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு வழங்குவது, பிள்ளைகளை எடைபோடுவது, பாட்டும் கதையும் சொல்லித் தருவது என அங்கன்வாடிக்குள்ளேயே வேலை நிறைய. இதற்கு மேல் பணியாளர்கள் பலருக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் பொறுப்பும் வந்து சேர்கிறது. காலியிடங்கள் நிரப்பப்படாத இடங்களில் பக்கத்து ஊர் மையத்தையும் ஒருவரே பார்க்கிறார். 2021 முதல் எல்லா விவரங்களையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றவும் வேண்டும். எங்கள் ஊர் மையத்தில் சிக்னல் கிடைக்காது. பிள்ளைகளை உதவியாளரிடம் விட்டுவிட்டு, பணியாளர் ரோட்டோரம் போனைப் பிடித்தபடி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சேர வேண்டிய நேரம் அது!

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மத்திய அரசின் கணக்கில் இந்தப் பணியாளர்கள் மதிப்பூதியம் பெறுபவர்கள்தாம். 2018-இல் மத்திய அரசு பணியாளருக்கு நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். மாநில அரசு கூடுதலாகத் தருவதால்தான் குடும்பம் ஓரளவு நகர்கிறது.

பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை முழுமையாக நடைமுறைப்படுத்துங்கள். காலியிடங்களை நிரப்பி, தேர்தல் வேலையிலிருந்து இவர்களை விடுவியுங்கள்.

— ஒரு வாசகி, மன்னார்குடி