பட்டம் போனது பிறகு, நிலம் போனது முதலில்

அயர்லாந்தின் கிளான்ரிகார்டு 'மார்க்வெஸ்' பட்டம் 1916இல் அழிந்தது. இரண்டாம் மார்க்வெஸ் ஹூபர்ட் டி பர்க் கானிங் மணமாகாமல், வாரிசின்றி இறந்தார். அதோடு முடிந்தது என்பது வம்சாவளிக் கணக்கு. உழுதவர்களின் கணக்கு வேறு.

12ஆம் நூற்றாண்டில் நார்மன் படையெடுப்போடு வந்த குடும்பம் அது. 1543இல் எட்டாம் ஹென்றி 'ஏர்ல்' பட்டம் கொடுத்தார். கால்வே மாவட்டத்தில் மட்டும் 50,000 ஏக்கருக்கு மேல் நிலம். கடைசி மார்க்வெஸோ லண்டனில் இருந்தபடியே குத்தகை வாங்கினார். விளைபொருள் விலை சரிந்த நிலையில், 1886இல் வுட்ஃபோர்டு விவசாயிகள் குத்தகையைக் குறைக்கச் சொன்னார்கள். வந்தது போலீஸ். வீட்டை அடைத்துக்கொண்டு எதிர்த்தார்கள், வெளியேற்றப்பட்டார்கள், சிறைக்குப் போனார்கள். ஓயவில்லை. 1915இல் அரசு வாரியம் அந்த நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. மார்க்வெஸ் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

அந்தக் குடும்பத்தின் இன்னொரு 'ஏர்ல்' பட்டம் உறவினர் வம்சத்துக்குப் போய் இன்றும் தொடர்கிறது. ஆனால் கால்வேயில் அதற்கு அடங்கிக் கிடக்கும் குத்தகைதாரர் எவருமில்லை.

பிறப்பால் வந்த மேன்மை வாரிசில்லாமல் தானாக ஒழியும் என்று காத்திருக்காதீர்கள், தோழர்களே. அது நிற்பது ரத்தத்தின் மேல் அல்ல, நிலத்தின் மேல்.