அப்பாவை வாட்ஸ்அப்ல திட்டினேன், 46,500 ரூபாய் போச்சு!



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வருமான வரியும் இல்லை. எங்க வீட்டில் நடந்த ஒரு நஷ்டக் கணக்கு. வீடியோவில் இதை ரெண்டு நிமிஷத்தில் சொல்லிட்டுப் போயிட்டேன். இங்கே முழுசா எழுதுறேன். காரணம், உங்கள்ல பாதிப் பேர் வீட்டில் இதே நிலைமைதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

எங்க ஊர் திருவாடானை பக்கம் ஒரு கிராமம். ராமநாதபுரம் மாவட்டம்னா பலருக்கும் ராமேஸ்வரமும் கருவேல முள்ளும்தான் ஞாபகம் வரும். ஆனா திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வந்து பாருங்க, மாவட்டத்தோட நெற்களஞ்சியமே அதுதான். வானத்தையும் கண்மாயையும் நம்பின விவசாயம். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைச்சு, தை, மாசியில் அறுப்பு. பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரே போகம். அதாவது, உங்களுக்கும் எனக்கும் மாசம் 1-ம் தேதி வர்ற சம்பளம், எங்க அப்பாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

அந்த அப்பாவுக்கு நான்தான் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்தேன். "இந்தப் பச்சை பட்டனை அமுக்கினா நான் பேசுவேன்ப்பா"ன்னு சொல்லிட்டு மறுநாள் சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். அவ்வளவுதான் நான் நடத்தின பாடம்!

என்ன நடந்துச்சு?

ஒரு நாள் குடும்ப குரூப்ல அப்பா ஒரு ஃபார்வர்டு போட்டார். 500 ரூபாய் நோட்டு செல்லாமப் போகுதுங்கிற மாதிரி ஒரு வதந்தி. நான் ஆபீஸ் டென்ஷன்ல இருந்தேன். சித்தப்பா, அத்தை, மச்சான் எல்லாரும் இருக்கிற அதே குரூப்ல, "அப்பா, தெரியாம எதையும் அனுப்பாதீங்க, அசிங்கமா இருக்கு"ன்னு பதில் போட்டேன். ரெண்டு மச்சான்கள் சிரிக்கிற பொம்மை போட்டாங்க. அதுக்கப்புறம் அப்பா அந்த குரூப்ல எதுவுமே போடலை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அடுத்த தை மாசம். ஊர் குரூப்ல, அப்பாவுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் நம்பர்ல இருந்து ஒரு மெசேஜ். "பிஎம் கிசான் பணம் நிக்காம வரணும்னா இந்த ஆப்பை உடனே போடுங்க." கீழே ஒரு ஏபிகே ஃபைல். மத்திய அரசு விவசாயிகளுக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாயை, 2,000 வீதம் மூணு தவணையா போடுற திட்டம் அது. எங்க ஊர்ல நிறைய வீட்டுக்கு வருது. அப்பாவுக்கும் வருது. சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

இந்த மோசடி நாடு முழுக்க நடக்குது. ஏபிகே-ங்கிறது பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து நேரா போன்ல ஏத்துற ஆப். அதைப் போட்டதும், "எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடு"ன்னு கேட்கும். கொடுத்துட்டா நமக்கு வர்ற ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போகும். அடுத்து அசல் அரசாங்கப் பக்கம் மாதிரியே ஒண்ணு திறந்து, "சரிபார்க்க 1 ரூபாய் கட்டுங்க"ன்னு யூபிஐ பின்னைக் கேட்கும். அதையும் போட்டா சாவியே அவன்கிட்ட. இதுக்கு மேல, மாட்டினவரோட வாட்ஸ்அப்ல இருந்தே அவருக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் அதே ஃபைல் போகும். அந்தத் தெரிஞ்சவரும் அப்படி மாட்டினவர்தான், பாவம்.

அன்னைக்கு சாயங்காலம் 19,500 ரூபாய் போச்சு. மறுநாள் காலையில 27,000. மொத்தம் 46,500. அறுப்பு மெஷின் வாடகைக்கும் ஆள் கூலிக்கும் எடுத்து வச்சிருந்த பணம்.

அப்பா யார்கிட்டயும் சொல்லலை. அம்மாகிட்டகூட. ஒன்பது நாள் கழிச்சு, மெஷின்காரர் வாடகை கேட்டு வீட்டுக்கு வந்தப்பதான் விஷயம் வெளியே வந்தது. நான் போன்ல பதறிட்டு, "ஏன்ப்பா அன்னைக்கே சொல்லலை?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "நீ திட்டுவேன்னுதான் தம்பி."

கணக்கைப் பார்ப்போம்

நாம பைனான்ஸ் ஆளுங்க. அழுதுட்டு விட்டுட முடியாது, கணக்கு போடணும்.

சைபர் மோசடியில் பணம் போனா உடனே 1930-க்கு போன் பண்ணணும், இல்லைன்னா தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கணும். அப்படிக் கொடுத்தா, பணம் போய்ச் சேர்ந்த வங்கிகளுக்குத் தகவல் போய், அங்கே மிச்சம் இருக்கிறதை நிறுத்தி வைக்க முடியும். திருடன் அந்தப் பணத்தை ஒரு அக்கவுண்ட்ல இருந்து இன்னொண்ணு, அங்கிருந்து இன்னொண்ணுன்னு மாத்திக்கிட்டே இருப்பான். அதனால முதல் சில மணி நேரம்தான் எல்லாமே. நாங்க புகார் கொடுத்தது பத்தாவது நாள். பிடிச்சு வைக்க அங்கே ஒண்ணும் மிச்சம் இல்லை.

ரெண்டாவது, 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. வாடிக்கையாளரே பின்னையோ ஓடிபியையோ கொடுத்து ஏமாந்திருந்தா, வங்கிக்குத் தகவல் சொல்ற வரைக்கும் போன பணம் அவர் பொறுப்பு. தகவல் சொன்ன பிறகும் பணம் போனா, அது வங்கியோட பொறுப்பு. இப்போ எங்க கதைக்கு வாங்க. முதல் 19,500 போன அன்னைக்கு ராத்திரியே அப்பா எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா, அக்கவுண்ட்டை முடக்கியிருப்போம். மறுநாள் போன 27,000 போயிருக்காது.

அந்த 27,000 திருடன் கெட்டிக்காரத்தனத்தால மட்டும் போகலை. நான் குரூப்ல போட்ட அந்த ஒரு வரியும் அதுக்குக் காரணம்.

சரி, மெஷின் வாடகையைக் கடைசியில் யார் கட்டினது? நான்தான், என் எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து. அதே 46,500-ஐ 20 வருஷம் முதலீட்டில் விட்டு, வருஷம் 12% வளர்ச்சின்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா, சுமார் 4.48 லட்சம். அப்பா அம்மாவோட சேமிப்பில் ஓட்டை விழுந்தா அது நம்ம சேமிப்பில் விழுற ஓட்டைதான். டேர்ம் இன்ஷூரன்ஸ் போடுறோம், ஹெல்த் இன்ஷூரன்ஸ் போடுறோம். ஆனா பெத்தவங்க கையில் இருக்கிற போனைப் பத்தி யோசிக்கிறதே இல்லை.

"பேசாம பட்டன் போன் வாங்கிக் கொடுத்துடலாமே?"

ஆபீஸ்ல இதைச் சொன்னப்போ பாதிப் பேர் சொன்ன யோசனை இதுதான். நான் ஒத்துக்கலை.

ஒண்ணு, எங்க ஊர் மாதிரி இடங்கள்ல பிள்ளைகள் எல்லாம் வெளியேதான். சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய். அம்மா தன் பேத்தி முகத்தைத் தினமும் பார்க்கிறது அந்தப் போன்லதான். அதைப் புடுங்குறது பாதுகாப்பு இல்லைங்க, தண்டனை. ரெண்டு, மழை எச்சரிக்கை, நெல் விலை, ஊர்ல யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுத் துக்கம், எல்லாமே இப்போ குரூப்லதான் வருது. அதில் இல்லாதவர் ஊருக்குள்ளயே இருந்தும் ஊர்ல இல்லாத மாதிரி.

மூணாவது, படிப்போ பணமோ இருந்தா ஏமாற மாட்டாங்கன்னும் கிடையாது. வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால், பெரிய தொழிலதிபர், அப்போ 82 வயசு. 2024 ஆகஸ்ட்ல "டிஜிட்டல் அரெஸ்ட்"னு சொல்லி, வீடியோ காலில் போலி உச்ச நீதிமன்றத்தையே காட்டி, அவர்கிட்ட 7 கோடி ரூபாயைப் பறிச்சாங்க. நம்ம நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆனா அவர் வெட்கப்பட்டு மூடி மறைக்கலை. சில நாளிலேயே போலீஸுக்குப் போனார். 5 கோடிக்கு மேல மீட்டாங்க.

இந்த மோசடிகள்ல பெரும்பாலும் ஒரு வரி கண்டிப்பா இருக்கும்: "இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது." ஆளைத் தனியாக்குறதுதான் அவங்க முதல் வேலை. நாம திட்டித் திட்டி, அந்த வேலையை அவங்களுக்கு முன்கூட்டியே முடிச்சுக் கொடுத்துடுறோம்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது

நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன். ரெண்டு மணி நேரம் போதும்.

1. அவங்களுக்குப் பிடிச்சதுல ஆரம்பிங்க. அம்மாவுக்கு மலேசியாவில் இருக்கிற பெரியம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பணும். அப்பாவுக்கு மழைச் செய்தி வேணும். அதைத்தான் முதல்ல சொல்லிக் கொடுத்தேன். எழுத்தைப் பெருசாக்கி, மொழியைத் தமிழாக்கி, பேசினாலே டைப் ஆகுற வசதியைப் போட்டுக் கொடுத்தேன். முக்கியமா, போன் அவங்க கையிலேயே இருக்கட்டும். நாம வாங்கி டக்டக்குன்னு அமுக்கிக் காட்டினா ஒண்ணும் ஏறாது. நீங்க சைக்கிள் கத்துக்கிட்டப்போ அப்பா பின்னாடிதான் பிடிச்சிருந்தார், அவரே ஓட்டலை.

2. அன்னைக்கே செட்டிங்கை முடிச்சிடுங்க. வாட்ஸ்அப்ல இரட்டைச் சரிபார்ப்பு. தெரியாத நம்பர் அழைப்புகளுக்கு மணி அடிக்காம இருக்கிற வசதி. தெரிஞ்சவங்க மட்டுமே குரூப்ல சேர்க்க முடியுற மாதிரி மாத்துறது. ஃபைல் தானா டவுன்லோடு ஆகுறதை நிறுத்துறது. போன் செட்டிங்கில், வெளியிலிருந்து வர்ற ஆப்பை ஏத்துற அனுமதியை வாட்ஸ்அப், குரோம் ரெண்டுக்கும் அணைச்சு வைக்கிறது. ஃபேஸ்புக் இருந்தா புரொஃபைலைப் பூட்டிடுங்க.

3. பணத்தைப் பிரிச்சு வைங்க. அறுப்புப் பணம், பென்ஷன், டெபாசிட் இருக்கிற அக்கவுண்ட்டை யூபிஐ-யோட இணைக்காதீங்க. சின்னதா தனி அக்கவுண்ட், அதில் ரெண்டாயிரம் மூவாயிரம், அதுக்கு மட்டும் யூபிஐ. இல்லைன்னா 2024-ல் வந்த யூபிஐ சர்க்கிள் வசதியைப் பாருங்க. அப்பா ஸ்கேன் பண்ணுவார், பணம் உங்க அக்கவுண்ட்ல இருந்து போகும். ஒவ்வொண்ணுக்கும் நீங்க ஓகே சொல்ற மாதிரி வைக்கலாம். முழு அனுமதி கொடுத்தாலும் மாசம் 15,000, ஒரு தடவைக்கு 5,000-க்கு மேல போகாது. அப்படியே, பணம் வாங்குறதுக்குப் பின் நம்பர் தேவையே இல்லைங்கிறதைப் பத்து தடவை சொல்லுங்க.

4. ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்க. எங்க வீட்டில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கு: "பணம், ஓடிபி, புது ஆப். மூணுல எது கேட்டாலும் போனை வச்சிட்டுத் தம்பிக்குக் கூப்பிடணும்." கீழே என் நம்பர், தங்கச்சி நம்பர், பெரிய எழுத்தில் 1930.

5. வாக்கு கொடுங்க. இதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. அப்பா முன்னாடி உட்கார்ந்து, "அன்னைக்கு குரூப்ல அப்படிப் போட்டது என் தப்புப்பா. இனி எவ்வளவு போனாலும் திட்ட மாட்டேன். உடனே சொல்லுங்க, அது போதும்"னு சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. அம்மாகிட்ட, "தம்பிக்குக் காப்பி போடு"ன்னு மட்டும் சொன்னார்.

போன மாசம் ஒரு மீட்டிங் நடுவுல அப்பாகிட்ட இருந்து ஒரு மெசேஜ். யாரோ அனுப்பின ஒரு லிங்க், கூடவே ஒரு குரல் பதிவு: "தம்பி, பயிர் காப்பீட்டுப் பணம் வந்திருக்குன்னு போட்டிருக்கு. இது நிஜமா, பொய்யா?" வெளியே வந்து கூப்பிட்டுப் பேசினேன். பொய்தான். மூணு நிமிஷம் ஆச்சு. மேனேஜர் முறைச்சார், பரவாயில்லை.

மறுநாள் அப்பா அந்த லிங்க்கைப் பத்தி ஊர் குரூப்ல அவரே குரல் பதிவு போட்டிருக்கார்: "இதை யாரும் அமுக்காதீங்கப்பா, நான் ஏற்கெனவே ஒரு தடவை மாட்டினவன்." அதுக்குக் கீழே ரெண்டு பேர், தங்களுக்கும் பணம் போன கதையை முதல் தடவையா சொல்லியிருக்காங்க.

உங்க வீட்டிலும் இப்படி வெளியே வராத ஒரு கதை இருக்கலாம். இன்னைக்கு ராத்திரி அப்பா அம்மாவுக்கு ஒரு போன் பண்ணுங்க. அறிவுரை எதுவும் வேண்டாம். "வாட்ஸ்அப்ல புதுசா ஏதாவது வந்துச்சாப்பா?"ன்னு மட்டும் கேளுங்க. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீங்க.