ஏரிக்கரைக்குப் பூட்டுப் போட்டது யார்?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் திருவள்ளுவர் சிலை, 1991 முதல் 2009 ஆகஸ்ட் 9 வரை திறக்கப்படாமல் சாக்குத் துணிக்குள் கட்டுண்டு கிடந்தது. அந்தப் 18 ஆண்டுகளை இந்நகரின் தமிழ் உழைப்பாளர்கள் எளிதில் மறந்துவிடவில்லை. சிலையைச் சுற்றியிருந்த கட்டு ஒருவழியாக அவிழ்ந்தது. பக்கத்திலிருக்கும் ஏரியைச் சுற்றிய இரும்புக் கம்பிவேலி மட்டும் அப்படியே நிற்கிறது. அதைப் பற்றி எந்த இனமானக் காவலரும் வாய் திறப்பதில்லை.

நகரின் பெரும்பாலான ஏரிகளுக்கு இன்று இதே நிலைதான். காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் வாயில் திறக்கும். நடைப்பயிற்சி செல்வோர் சுற்றிவரலாம். நடுப்பகலில் பூட்டு. கட்டட வேலைக்கு விடியலில் கிளம்பி இருட்டிய பின் திரும்பும் தொழிலாளிக்கு அந்த வாயில் திறந்திருந்து என்ன, மூடியிருந்து என்ன? துணி துவைக்கத் தடை, மாடு மேய்க்கத் தடை, புல்லறுக்கத் தடை. மீன்பிடி உரிமை ஒப்பந்தக்காரர் கையில். பரிசல் தள்ளும் மீனவர் அவருக்குக் கீழே கூலி. சொந்தமாக ஒரு சிறு படகைக் கொண்டுவந்து நீரில் இறக்க விரும்பும் இளைஞருக்கோ, இறங்குவதற்குப் படித்துறையே கிடையாது.

பெங்களூருவின் ஏரிகள் இயற்கை அளித்த கொடை அல்ல என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். வற்றாத ஆறு இல்லாத மேட்டு நிலத்தில், மழைநீரைத் தேக்க மனிதர்கள் மண் சுமந்து எழுப்பிய கரைகள் அவை. ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் ராஜகால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். மதகைத் திறந்து மூடி வயலுக்கு நீர் பங்கிட்ட நீர்கண்டிகள் பெரும்பாலும் தலித்துகள். கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொண்டவர்கள் அரசர்களும் ஊர்த்தலைவர்களும். தூர் வாரியவர்கள் இவர்கள். ஏரி யாருடையது என்ற கேள்விக்கு இந்த வரலாற்றிலிருந்துதான் விடை தேட வேண்டும்.

தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. கரக விழாச் சடங்குக்காக எஞ்சியிருப்பது ஒரு சிறு குட்டை. அதன் கரையில் காய்கறி பயிரிட்டு நகருக்குச் சோறு போட்ட திகளர்களுக்கு அந்தச் சடங்கு மட்டுமே மிச்சம்.

இது பழைய பாணிக் கொள்ளை. புதிய பாணி 2002இல் ஏரி மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்ட பின் வந்தது. பொது-தனியார் கூட்டு என்ற பெயரில் ஹெப்பாள் ஏரி ஓபராய் குழுமத்தின் ஈஸ்ட் இந்தியா ஹோட்டல்ஸுக்கும், நாகவாரா ஏரி லும்பினி கார்டன்ஸுக்கும், அகரா ஏரி பயோட்டா நிறுவனத்துக்கும் குத்தகைக்குப் போயின. ஆட்சியில் அமர்ந்த கட்சிகள் மாறின, கொள்கை மாறவில்லை. ஏரியைக் காப்பாற்ற அரசிடம் பணமில்லையாம். உணவகமும் படகுச் சவாரியும் நடத்துவோர் காப்பாற்றுவார்களாம்! முதலில் உழைப்பாளியைக் கரையிலிருந்து விரட்டு, பிறகு கரையின் அழகை நுழைவுச்சீட்டாக விற்றுவிடு என்பதே இதன் பொருள். இதை எதிர்த்து என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப் 2008இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. நீதிபதி என்.கே. பாட்டீல் குழுவின் பரிந்துரைகளை ஏற்று, ஏரிகளைப் பாதுகாப்பது அரசின் கடமை என 2012 ஏப்ரல் 11 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீர்நிலைகள் மக்களின் சொத்து, அரசு அவற்றின் அறங்காவலர் மட்டுமே என்பது புரட்சிகரக் கருத்தும் அல்ல. முதலாளித்துவத்தின் தலைமைப்பீடமான அமெரிக்காவிலேயே, சிகாகோ துறைமுகத்தை ஒட்டிய ஏரிப்படுகையை ஒரு ரயில்வே கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தது செல்லாது என்று 1892இல் உச்சநீதிமன்றம் கூறியது. பியாஸ் ஆற்றங்கரையில் சொகுசு விடுதி நடத்திய நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், நமது உச்சநீதிமன்றம் 1996இல் இதே கோட்பாட்டை ஏற்றது. ஆனால் நீதிமன்றத்தை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கும் பெங்களூருவே சான்று. ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் காப்பு நிலம் வேண்டுமென்று பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் சொன்னதை, உச்சநீதிமன்றம் 2019 மார்ச் 5 அன்று ரத்து செய்தது. கொண்டாடியவர்கள் யாரென்று சொல்லத் தேவையில்லை.

வேலி இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பாளர்கள் புகுந்துவிடுவார்களே என்று நல்லெண்ணம் கொண்ட நடுத்தர வர்க்க நண்பர்கள் கேட்கிறார்கள். ஏரிகளுக்காக உண்மையாகவே போராடியவர்களும் அவர்களில் உண்டு. எனவே பதில் சொல்லியாக வேண்டும். பெங்களூரு நகர, ஊரக மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் ஏரி நிலம் ஆக்கிரமிக்கப்பட்டிருப்பதாகச் சட்டமன்றத்தின் கோலிவாட் குழு கண்டறிந்தது. அவ்வளவு நிலமும் வேலி தாண்டிக் குதித்தவர்களிடமா போனது? வரைபடத்துடனும் பட்டாவுடனும் அதிகாரியின் கையெழுத்துடனும் போனது. பெள்ளந்தூர் ஏரியில் 2015இல் நுரை பொங்கித் தெருவுக்கு வந்தது. 2017 பிப்ரவரியில் ஏரியே தீப்பிடித்து எரிந்தது. சாக்கடைக்கு எந்த வேலியும் பொருட்டல்ல. 2016 மார்ச்சில் அல்சூரில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோதும் கம்பிவேலி இருந்த இடத்தில்தான் இருந்தது. தினமும் நீரில் இறங்குகிற மீனவரும் புல்லறுப்பவரும்தான் நீர் கெடுவதை முதலில் அறிபவர்கள். அவர்களை வெளியேற்றிவிட்டு ஏரிக்குக் காவல் என்கிறார்கள்!

கயாக் ஓட்டுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, அதற்கும் நமக்கும் என்ன என்று தோழர்கள் சிலர் நினைக்கக்கூடும். அது தவறு. ஓய்வும் விளையாட்டும் தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமைகள். எட்டு மணி நேர வேலை கேட்டபோது மீதி நேரத்தையும் சேர்த்தே கேட்டோம். அதை வசதி படைத்தோருடையதாக ஆக்கி வைத்திருப்பது பூட்டிய கரைதான். இன்று ஏரியில் கட்டணப் படகு. கயாக் வேண்டுமானால் காவிரிக் கரையில் பீமேஸ்வரி வரை போய் விடுதி வாடகை கொடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003இல் இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் ஏரியிலும் ஆற்றிலும் துடுப்புப் படகு செலுத்தலாம் என உரிமையளித்தது. இயந்திரப் படகுக்கு அந்த உரிமை இல்லை. நமக்கும் அந்த வேறுபாடு தேவை. பறவைகள் கூடு கட்டும் பகுதியைத் தனியே ஒதுக்குவதிலும் தவறில்லை. துடுப்பு பிடிக்கும் மாணவருக்கும் பரிசல் வலிக்கும் மீனவருக்கும் வேண்டியது ஒன்றே: கட்டணமில்லாத ஒரு படித்துறை, உடல் நனைந்தால் நோய் வராத நீர்.

இந்நிலையில்தான் காங்கிரஸ் அரசு 2025 ஆகஸ்டில் ஏரிப் பாதுகாப்புச் சட்டத் திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. இதுவரை 30 மீட்டராக இருந்த காப்பு நிலத்தைச் சிறிய ஏரிகளுக்கு 3 மீட்டர் வரை குறைக்க அது வழிசெய்கிறது. ஒரு பரிசலைக் கவிழ்த்துக் காயவைத்தால் அருகில் ஆள் நடக்க இடமிருக்காது. அதற்கப்பால் அடுக்ககத்தின் சுற்றுச்சுவர் எழும். சுவருக்குள் இருப்போருக்கு அது ஏரிப்பார்வை வீடு, விலை கூடும்.

பெங்களூருக் கிளைகள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தத்தம் பகுதி ஏரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் சுற்றி வாருங்கள். எத்தனை வாயில்கள், எந்த நேரம் பூட்டு, கட்டணம் வாங்குவது யார், மீன்பிடி ஒப்பந்தம் யார் பெயரில், சாக்கடை எந்தக் குழாயில் இறங்குகிறது, முன்பு துணி துவைத்தவர்கள் இப்போது எங்கே போனார்கள் என்று கரையோரக் குடியிருப்புகளில் கேட்டு எழுதுங்கள். அந்தக் குறிப்புகளுடன் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போவோம், மீனவர்களையும் துடுப்புப் பிடிக்கும் இளைஞர்களையும் சேர்த்து அழைத்துக்கொண்டு.