நாலு வரி அடிக்க எட்டு ஜிபி போதாதாம்

நிரல் என்பது வெறும் எழுத்து. ஆயிரம் வரி இருந்தாலும் அந்தக் கோப்பு சில பத்து கிலோபைட்தான். அதைத் திறந்து, திருத்தி, சேமிப்பதற்கு 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் திணறுகிறது என்றால் இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? அடித்த எழுத்து திரைக்கு வருவதற்குள் விரல் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. ஃபேன் ஓயாமல் இரைகிறது. கூடவே பிரவுசரும் டாக்கரும் திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம், எல்லாம் உறைந்து நின்றுவிடும்.

"பதினாறு ஜிபி போட்டுக்கோங்க சார்" என்கிறார்கள். சொல்வது எளிது. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள், பிறகு கூட்ட வழியில்லை. கல்விக் கடன் அடைபடாத வீட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் புது லேப்டாப் வாங்கச் சொல்வது என்ன யோசனை?

இந்தப் பாரம் எங்கிருந்து வந்தது என்பது ஒளிவுமறைவான விஷயமில்லை. கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் என்ற எடிட்டரை 2014-ல் வெளியிட்டது. அதற்காகச் செய்த அடித்தளத்துக்குப் பின்னாளில் எலக்ட்ரான் என்று பெயர் வந்தது. குரோமியம் பிரவுசரையும் நோட் ஜேஎஸ்ஸையும் ஒன்றாகக் கட்டி, வலைப்பக்கம் எழுதுவதுபோலவே டெஸ்க்டாப் மென்பொருளை எழுத வைக்கும் ஏற்பாடு அது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் கொண்டுவந்த விஎஸ் கோடும் அதன்மேல்தான் நிற்கிறது. ஸ்லாக்கும் அப்படித்தான், டிஸ்கார்டும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முழு பிரவுசரைச் சுமந்துகொண்டு வருகிறது. மூன்றையும் திறந்தால் மூன்று பிரவுசர், நாம் திறந்த பிரவுசர் நாலாவது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே நிரல் போதும் என்பதால் எழுதுகிறவர்களுக்கு வேலை மிச்சம். விஎஸ் கோடு இலவசமாகக் கிடைக்கிறது, அதற்கு நீட்சிகள் கொட்டிக் கிடக்கின்றன, அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் மிச்சம் பிடித்த உழைப்புக்கு விலை நம் ரேமிலிருந்து போகிறது.

"டெர்மினலில் ஓடும் விம் எடிட்டருக்கு மாறிடு" என்று அடுத்த யோசனை வரும். விம்மின் மூதாதையான வி.ஐ. எடிட்டரை பில் ஜாய் 1970-களின் பிற்பகுதியில் எழுதியபோது அவர் வீட்டில் இருந்தது 300 பாட் மோடம், அதாவது நொடிக்குச் சுமார் 30 எழுத்து. அந்த நெருக்கடியில் பிறந்ததால்தான் அதன் கட்டளைகள் ஓரெழுத்திலும் ஈரெழுத்திலும் அடங்கின. வசதி குறைந்த நிலையை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது, அந்த மரியாதை எனக்கு என்றும் உண்டு. ஆனால் இன்றைய வேலைக்கு வெறும் விம் போதவில்லை. பிழையைச் சுட்டிக்காட்டவும், பெயரைப் பாதியிலேயே நிரப்பவும், அறிவிப்பு இருக்கும் இடத்துக்குத் தாவவும் மொழி சர்வர் வேண்டும். 2016-ல் வந்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் இதை எல்லா எடிட்டருக்கும் பொதுவாக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரிய டைப்ஸ்கிரிப்ட் திட்டத்தையோ ரஸ்ட் திட்டத்தையோ திறந்து பாருங்கள், விம்மின் புது வடிவமான நியோவிம் இறகுபோல இருக்கும், பின்னால் ஓடும் சர்வர் மட்டுமே ஜிபி கணக்கில் விழுங்கும். எடிட்டரை மாற்றுவதால் அந்தப் பசி குறையாது. யோசனை சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஸெட் என்ற எடிட்டர் வந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆட்டம் எடிட்டரை உருவாக்கிய நேதன் சோபோவும் கூட்டாளிகளும் பிரவுசரை விட்டுவிட்டு, ரஸ்ட் மொழியில், கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டே திரையை வரையும்படி புதிதாகக் கட்டியது அது. 2024 ஜனவரியில் மூலநிரலையும் திறந்துவிட்டார்கள். வேகம் கண்கூடு. ஆனால் லினக்ஸில் அதற்கு வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தை ஆதரிக்கும் சிப் வேண்டும். வேகமான எடிட்டர் யாருக்கு அதிகம் தேவையோ, அந்தப் பழைய லேப்டாப்காரருக்கு வாசலிலேயே தடை.

இதையெல்லாம்விட எனக்குப் பொறுக்காதது தமிழ் படும் பாடு. செயலியின் தமிழ்ச் சொற்கோப்புகளைத் திருத்துகிறவர்களும், தமிழ்த் தரவுகளோடு மல்லுக்கட்டுகிறவர்களும் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். விம் ஓடும் டெர்மினல் என்பது எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வைத்த பலகை. 'கொ' என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வேண்டும். பல டெர்மினல்களில் கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறம் என்று சிதறிக் கிடக்கும், கர்சர் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. குரோமியத்துக்குள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோர்ப்பு நிரல் இருப்பதால் எலக்ட்ரான் எடிட்டர்களில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. ஆக, டெர்மினலுக்கும் எலக்ட்ரானுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கும்போது, நம் மொழியைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பெரும்பாரத்தைச் சுமந்தே தீர வேண்டும் என்ற நிலையில் நிற்கிறோம். ஹார்ஃப்பஸ் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலநிரல். அதைக் கொண்டு டெர்மினலிலும் தமிழைச் சரிசெய்வது செய்ய முடியாத வேலை என்று எவரும் சொல்ல முடியாது.

போதாக்குறைக்கு இப்போது எடிட்டர்களில் ஏ.ஐ. வேறு: ஓரத்தில் அரட்டைப் பலகை, அடிக்க அடிக்கப் பரிந்துரை, பின்னணியில் அட்டவணையிடல். வேண்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வேண்டாதவர் அமைப்புகளுக்குள் புகுந்து ஒவ்வொன்றாகத் தேடி அணைக்க வேண்டியிருப்பது என்ன நியாயம்?

எடிட்டர் செய்கிறவர்களே, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் 8 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய லேப்டாப்பில் அதை ஒரு முழு நாள் ஓட்டிப் பாருங்கள். அதில் தமிழ்க் கோப்பு ஒன்றையும் திறந்து பாருங்கள். சக நிரலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்களிடம் உதவி கேட்டு வரும் மாணவரைப் புது லேப்டாப் வாங்கச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். விஎஸ் கோடின் உதவி மெனுவில் புராசஸ் எக்ஸ்புளோரர் இருக்கிறது. ஓடுகிறவற்றில் எது எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று அதில் தெரியும். எந்த நீட்சி குற்றவாளி என்று பாதி பாதியாக அணைத்துக் கண்டுபிடிக்க எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்ற கட்டளையும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அரைமணி நேரம் பார்த்துக் கொடுங்கள்.