டயரின் ஜாதகம்

திருவண்ணாமலையில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் தோழர்களும், கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் ஒரு பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்திக்கொண்ட தோழர்களும் ஒரு கேள்வியைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருப்பதை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அதாவது, டயர் தேய்ந்து மாற்ற வேண்டிய காலம் வந்தால், "பெர்பாமன்ஸ் டயர்" என்று பெருமையாகச் சொல்லப்படும் வேக டயரைப் பழையதாகப் பாதி விலைக்கு வாங்குவதா, அல்லது இன்னும் கொஞ்சம் பணம் போட்டுச் சாதாரணப் புது டயராக வாங்குவதா என்பதுதான். இது மோட்டார்காரர்கள் விவகாரமாயிற்றே, இதற்கெல்லாம் ஒரு பத்திரிகையில் இடமா என்று சிலர் கேட்கலாம். ஓடுகின்ற காருக்கும் ரோட்டுக்கும் உள்ள சம்பந்தம் எவ்வளவு என்று அவர்கள் யோசிக்க வேண்டும். சக்கரத்துக்கு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம், ஆக நான்கு உள்ளங்கை அகல ரப்பர், அவ்வளவுதான். பௌர்ணமிக்கும் கார்த்திகைக்கும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இந்த ஊருக்குக் குடும்பம் குடும்பமாய்க் காரில் வந்து போகும் ஜனங்களின் உயிர் அந்த நான்கு உள்ளங்கையில்தான் இருந்து வருகின்றது.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். பழைய வேக டயரைவிடப் புதிய சாதா டயரே மேல். எவ்வளவு பெரிய கம்பெனியின் பெயர் பொறித்திருந்தாலும் இதில் மாற்றமில்லை.

வேக டயர் என்பதில் மாயம் ஒன்றும் கிடையாது. சற்று மிருதுவான, ரோட்டைப் பிடிக்கக்கூடிய ரப்பர், உயரம் குறைந்து விறைப்பாக இருக்கும் பக்கச்சுவர், அதிக அகலம், அதிக வேகத்தில் உண்டாகும் சூட்டைத் தாங்கும்படியான உட்கட்டு. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 வரை தாங்கும் என்பது அர்த்தம். நாம் கேட்கின்றோம்: செங்கம் ரோட்டிலும் போளூர் ரோட்டிலும் செஞ்சி ரோட்டிலும் மாட்டு வண்டிக்கும் கரும்பு டிராக்டருக்கும் குறுக்கே ஓடும் ஆட்டுக்கும் நடுவில் 240 ஓட்டப் போகின்றவர் யார்? மணிக்கு 90 கிலோமீட்டர் ஓட்டினாலே வண்டி வினாடிக்கு 25 மீட்டர் ஓடிவிடுகின்றது. நமக்கு வேண்டியது அந்த 240-க்கான எழுத்தல்ல, 90-ல் ஓடும்போது பிரேக்கை மிதித்தால் நிற்கக்கூடிய பிடிமானம்.

வேக டயருக்கு அந்தப் பிடிமானம் அதிகம்தானே என்று கேட்டால், ஆம், புதிதாக இருக்கும்போது அதிகம்தான். அது எதனால் என்றால் ரப்பரின் மிருதுத்தன்மையால். காலம் முதலில் தின்பதும் அதைத்தான்! 1839-ல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றி அதற்கு உறுதி கொடுக்கும் வழியைக் கண்டார். அன்று முதல் ரப்பர் உறுதியானதே ஒழிய சாகாவரம் பெற்றுவிடவில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் வெயிலும் சூடும் சேர்ந்து அதை நாளுக்கு நாள் இறுகச் செய்கின்றன. இதைத் தடுக்க ரப்பரில் ஒருவித மெழுகும் மருந்தும் கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்துகொடுத்துக் கொண்டிருந்தால்தான் அவை மேற்பரப்புக்கு வந்து காப்பாற்றும். அதனால்தான் வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற காரின் டயர், பட்டன் ஒரு நூல்கூடத் தேயாமல் இருந்தும், பக்கச்சுவரில் வெடித்திருப்பதைப் பார்க்கின்றோம். சித்திரை வெயிலில் பாறை கொதிக்கின்ற இந்த ஊரில் ரப்பருக்கு ஆயுள் கூடுதலாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே பழைய வேக டயரை வாங்குவதென்பது, அத்தர் தீர்ந்த புட்டியை அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டுக்காக வாங்குவது போன்றதேயாகும்.

நிற்க, இந்த ரப்பரின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது? டயரின் பக்கச்சுவரில் நான்கு எண்கள் கொண்ட ஒரு முத்திரை உண்டு. முதல் இரண்டு எண் வாரம், பின் இரண்டு எண் வருஷம். 2319 என்று இருந்தால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம் பிறந்த டயர் என்று அர்த்தம். இது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுதாக இருக்கும். அந்தப் பக்கம் காரின் உட்புறமாக அமைந்துவிட்டால் குனிந்து, வண்டிக்கடியில் தலையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். ஆறு வருஷமானால் மாற்றிவிடும்படி சில கார் கம்பெனிகள் சொல்லுகின்றன. தேயாவிட்டாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டவே கூடாது என்று டயர் கம்பெனிகளே சொல்லுகின்றன. மனிதனிடம் பிறப்பை விசாரிக்காதே என்று ஓயாமல் சொல்லி வருகின்ற நாம், டயரிடம் மட்டும் பிறப்பை விசாரி என்கின்றோம். அதிலும் குலத்தையல்ல, தேதியை. ஆனால் ஜனங்கள் செய்வதோ தலைகீழ். "இது சீமை டயர், பெரிய இடத்துச் சரக்கு" என்று குலத்தைக் கேட்டுப் பூரித்து, தேதியை விட்டுவிடுகின்றார்கள். அரக்கோணத்தில் எம்.ஆர்.எப். ஆலையும் ஒரகடத்தில் அப்போலோ ஆலையும் புதுப்புது டயராய்ச் செய்து தள்ளிக்கொண்டிருக்க, இந்த ஊர்க்காரர் புதுப்பேட்டைக்குப் போய், பிறந்த தேதி அழிந்துபோன சீமை டயரைத் தேடுவானேன்?

ஜாதகப் பைத்தியம் இல்லாத ஊராயிருந்தால் அதையாவது மன்னிக்கலாம். காரை வீட்டுக்கு ஓட்டிவர நல்ல நேரம் பார்க்கின்றார்கள். நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்து எட்டு வந்தால் முகம் சுளிக்கின்றார்கள். கூட்டுத்தொகை ஒத்துவர வேண்டுமென்று பணம் கட்டி வேறு எண் வாங்குகின்றவர்களும் உண்டு. பிறகு கோவில் வாசலில் வண்டியை நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றார்கள். அந்தப் பழத்தை வைப்பதற்காகச் சக்கரத்தின் அருகில் குனிந்த மனிதர், குனிந்தது குனிந்தபடியே அரை நிமிஷம் அங்கேயே இருக்கும் அந்த நான்கு எண்ணைப் படித்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்கின்றோம். நட்சத்திரத்தின் யோக்கியதை அவரவர் நம்பிக்கை. டயரின் மேல் எழுதியிருப்பதோ அதைச் செய்தவனே அச்சடித்துக் கொடுத்த ஜாதகம். இதில் பொய் வராது, பார்ப்பதற்குத் தட்சணையும் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜையன்று வண்டிக்குத் திருஷ்டி கழிக்கிறோமென்று நடுரோட்டில் உடைக்கின்ற பூசணிக்காயின் மேல் ஏறி, மற்றொருவனுடைய மோட்டார் சைக்கிள் வழுக்கி விழுகின்றது. போக்குவரத்துப் போலீசார் வருஷந்தோறும் வேண்டிக்கொண்டும் இது நின்றபாடில்லை. தன் டயருக்குக் காவல் தேடி எதிராளியின் டயரை வழுக்கவிடுவது என்ன பக்தியோ நமக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 2012 செப்டம்பரில் வைட் தீவில் நடந்த ஒரு சங்கீதத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த இளைஞர்களின் பஸ் ஒன்று, முன்சக்கர டயர் வெடித்து, மரத்தில் மோதி மூன்று பேர் மாண்டார்கள். விசாரித்ததில் அந்த டயரின் வயது 19-க்கு மேல் என்று தெரிந்தது. பஸ்ஸைவிட டயர் மூத்தது! இறந்தவர்களில் ஒருவரின் தாயார் வருஷக்கணக்காகப் போராடியதன் பேரில், 2021 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து லாரி, பஸ்களின் முன்சக்கரத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் கூடாதென்று அங்கே சட்டமாயிற்று. வேக டயரைப் பற்றியே வேண்டுமென்றால், 2013 நவம்பரில் அமெரிக்காவில் பால் வாக்கர் என்ற சினிமா நடிகர் இறந்த விபத்தைச் சொல்லலாம். வண்டியோ உலகப் பிரசித்தி பெற்ற போர்ஷ். ஓட்டியவரும் பழகிய கை. கண்மூடித்தனமான வேகமே பிரதான காரணமென்று போலீசார் சொன்னார்கள். அதோடுகூட அந்த டயர்கள் ஒன்பது வருஷத்துப் பழசு என்பதையும் சொன்னார்கள். கோடி ரூபாய் வண்டி வைத்திருப்பவனுக்கே பழைய ரப்பர் தயவு காட்டவில்லை.

இனி விலையைப் பார்ப்போம். ஏனெனில் உண்மையில் ஏழைத் தோழர்களைப் பழைய டயர் கடைக்கு இழுப்பது வேகப் பித்தல்ல, விலைதான். சாதாரணமாகப் புதுக் கார் டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் ஓட்டக் கூடாதென்பது நம் நாட்டு மோட்டார் விதி. பள்ளத்துக்குள் அந்த உயரத்துக்கு ஒரு சிறு மேடு வைத்தே டயரை வார்த்திருப்பார்கள். ஆகவே புது டயரில் நமக்கு உபயோகமாவது 6.4 மில்லிமீட்டர். ஒரு கணக்குக்காக அதன் விலை 6,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மில்லிமீட்டருக்கு 1,000 ரூபாய் ஆயிற்று. 4 மில்லிமீட்டர் மிச்சமுள்ள பழைய வேக டயரை 4,000 ரூபாய்க்கு வாங்கினால் உபயோகமாவது 2.4 மில்லிமீட்டர்தான். மில்லிமீட்டருக்கு 1,600 ரூபாய்க்கு மேல் விழுகின்றது. அதிலும் மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லதென்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுகின்றார்கள். அப்படிப் பார்த்தால் பழைய டயரில் வாங்கியது ஒரே ஒரு மில்லிமீட்டர், விலை 4,000 ரூபாய்! மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும் என்பதையும், புதிதாக மாட்டும் கூலியும் பேலன்சிங் கூலியும் இரண்டு தடவை கொடுக்க வேண்டும் என்பதையும் இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவில்லை. ஏழைக்குத்தான் பழைய டயர் அதிக விலை.

ஐப்பசி கார்த்திகை மழையில்தான் இந்த ஊருக்குக் கூட்டம் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. பட்டன் பள்ளம் எதற்காக என்றால் தண்ணீரை ஒதுக்கி ரப்பர் ரோட்டைத் தொடும்படி செய்வதற்காக. பள்ளம் குறைந்தால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பேருக்கு இருக்குமே தவிர கேட்காது. பிடிமானம் பாதியானால், பிரேக் போட்ட பிறகு வண்டி இழுத்துக்கொண்டு போகும் தூரம் இரட்டிப்பாகும். ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேரை அடைத்து, கூரைமேல் மூட்டையும் கட்டிக்கொண்டு வருகின்ற வழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டயரில் 91 என்று போட்டிருந்தால் அது 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அதுவும் காற்று சரியாக இருந்தால். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து களைத்தவர்கள் வண்டியில் ஏறியவுடன் தூங்கிவிடுகின்றார்கள். விழித்திருப்பவர் டிரைவர் ஒருவரே.

அந்த டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி ஒருவருடையது, டயர் வாங்குகின்ற பணம் அவருடையது. ஆனால் டயருக்கு மேல் உட்கார்ந்திருக்கின்றவர் மாதச் சம்பளத்துக்கோ தினப்படிக்கோ வந்தவர். முதலாளி மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் டிரைவருடைய உயிர். விபத்து நடந்தால் வழக்கு டிரைவர் பேரில் முதலில் வரும். டயர் பேரில் வராது. "இந்த டயரோடு செஞ்சி தாண்ட மாட்டேன்" என்று சொல்ல ஒரு டிரைவருக்கு உரிமை வேண்டாமா? தனியாகச் சொன்னால் வேலை போகும். ஸ்டாண்டில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து சொன்னால் போகாது. பயணம் செய்கின்றவர்களும் வாடகையில் நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகின்ற நேரத்தில் டயரை ஒரு பார்வை பார்த்தால் நஷ்டமில்லை.

பழையது எல்லாமே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. புதுக் கார் வாங்கியவுடன் அலாய் வீல் மோகத்தில் ஒருவர் கழற்றிப் போட்ட டயர், தேதி புதிதாக, பஞ்சர் ஒட்டில்லாமல், உட்புறம் கீறலில்லாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். லாரிக்காரர்கள் நல்ல பட்டறையில் ரீபட்டன் போடுவதும் வேறு விஷயம். லாரி டயரின் உட்கட்டை அதற்கென்றே பலமாகச் செய்கின்றார்கள். ஆனால் மொட்டையான கார் டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்பு மை பூசிப் பளபளக்க வைத்து விற்கின்றார்களே, அது டயரல்ல, வேஷம். கை வைத்துத் தடவினால் மை விரலில் வரும். பள்ளத்தின் அடியில் கம்பி தெரிந்தால் கடையைவிட்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான்.

நான்கும் ஒரே சமயத்தில் வாங்கப் பணமில்லாதவர்கள் இரண்டாக வாங்கட்டும். அந்தப் புது இரண்டையும் பின்சக்கரத்துக்குப் போட வேண்டும், முன்பக்கமல்ல. முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேரே போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி பம்பரமாகிவிடும். பிறகு ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். பழைய கார் வாங்கியவர்களில் பலர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. காரோடு கூடப் பிறந்த டயர் அங்கே அப்படியே படுத்திருக்கும்.

கழற்றிய தேய்ந்த டயரைக் கடையிலேயே சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். வருமுன் அதன் பக்கச்சுவரில் கத்தியால் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே மை பூசிக்கொண்டு அடுத்த பௌர்ணமிக்கு வேறொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு உங்கள் ஊர் வழியாகவே போகும்.